புள்ளைங்களோட நத்தார் (கிறிஸ்மஸ்) ஜன்னல் அலங்காரம்: மலைநாட்டு குளிருக்கும் பனிமூட்டத்துக்கும் ஏத்த முழு வழிகாட்டி

டிசம்பர்ல ஸ்கூல் லீவு விட்டதும் எங்க வீட்ல மொத கேள்வியே "அம்மா ஜன்னலுக்கு எப்ப ஒட்டுறது"தான். ஒம்பது வருசமா செய்றோம். மூத்தவளுக்கு அப்ப நாலு வயசு, இப்ப பதிமூணு, சின்னவனுக்கு ஏழு, அதோட பக்கத்து வீட்டு புள்ளைங்க நாலஞ்சு பேரு வந்துருவாங்க, அதுல பாதிப்பேரு இந்துக் கோயிலுக்கு போற வீட்டு புள்ளைங்க, ஆனா கத்தரிக்கோலும் கலர் பேப்பரும் கண்டா எந்த புள்ள வீட்ல இருக்கும் சொல்லுங்க.

கடையில வாங்குற ஸ்டிக்கர் இருக்கே, அத ஒட்டுறது அஞ்சு நிமிச வேல. நான் சொல்றது புள்ளைங்க கையால செய்றத. ஒரு விசயத்த மட்டும் மொதல்ல மனசுல வச்சுக்கங்க: ஜன்னல் அலங்காரத்துக்கு ரெண்டு பக்கம் இருக்கு. பகல்ல நம்ம உள்ள இருந்து பார்க்குறோம், ராத்திரில ரோட்டுல போறவங்க வெளியில இருந்து பார்க்குறாங்க. எங்க பக்கம் டிசம்பர்ல ஆறு ஆறரைக்கெல்லாம் இருட்டிரும், பனிமூட்டம் எறங்கிட்டா முன்னுக்கு நாலு அடிகூட தெரியாது, அந்த நேரம் கடைசி பஸ்ஸுல எறங்கி படி ஏறி வர்றவங்களுக்கு தூரத்துல செவப்பா மஞ்சளா ஒரு ஜன்னல் தெரிஞ்சா அது எவ்வளவு ஆறுதல்னு இங்க இருக்குறவங்களுக்கு தெரியும். மேல் லயத்து (தோட்டத்து வரிசை வீடு) ஆச்சி ஒரு வருசம் வந்து சொன்னாங்க, "ஒங்க நச்சத்திரத்த பார்த்துத்தான் படி எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சேன்"னு. அதுல இருந்து நான் வெறும் கனமான அட்டைய மட்டும் வச்சு ஒண்ணும் செய்றதில்ல, வெளிச்சம் ஊடுருவுற பொருள்தான். கீழ சொல்றது எல்லாமே அந்த கணக்குலதான் இருக்கும்.

மொதல்ல கண்ணாடி

இத யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா மலைநாட்டுல பாதி வேல இதுதான். நம்ம ஜன்னல் கண்ணாடி காலையில வேர்த்து வடியும். வெளியில குளிர், உள்ள நம்ம மூச்சு, அடுப்புல கொதிக்கிற தண்ணி, வீட்டுக்குள்ள காயப்போட்ட துணி, இந்த ஈரமெல்லாம் போயி குளிர்ந்த கண்ணாடில பட்டு தண்ணியா நிக்கும். அது மேல எந்த டேப்பும் நிக்காது. நான் மொத வருசம் செவப்பு டிஷ்யூவ விடியக்காலையில நேரா கண்ணாடில ஒட்டிட்டேன், மறுநாள் எழும்பி பார்த்தா சாயம் கரைஞ்சு கோடு கோடா வடிஞ்சு கீழ வெள்ளச் சுவர் வரைக்கும் போயிருச்சு, அந்த கறைய எடுக்க சுவருக்கு திரும்ப பெயின்ட் அடிக்க வேண்டியதாப்போச்சு.

அதனால ஒட்டுற வேலைய காலையில பத்து பதினொரு மணிக்கு மேல வச்சுக்கங்க, வெயில் கொஞ்சம் பட்டு கண்ணாடி காஞ்சிருக்கும். பின்னேரம் மூணு மணி தாண்டுனா திரும்ப மூட்டம் வந்துரும், அதுக்குள்ள முடிச்சிரணும். மழ விடாம பெய்ற நாள்ல பேப்பர் வெட்டுற மடிக்கிற வேலைய மட்டும் பாருங்க, ஒட்டாதீங்க. கண்ணாடிய துடைக்க வெந்நீர்ல கொஞ்சம் வினாகிரி விட்டு துணியால துடைச்சிட்டு பழைய நியூஸ்பேப்பர கசக்கி காயிற வரைக்கும் தேய்க்கணும், சின்ன புள்ளைங்களுக்கு இந்த தேய்க்கிற வேலையே பெரிய சந்தோசம். கண்ணாடிக்கு கீழ ரெண்டு விரல் அகலத்த வெறுமையா விட்ருங்க, தண்ணியெல்லாம் அங்கதான் சேரும். குசினி ஜன்னல்ல பேப்பர் வேலையே வேணாம், அங்க ஆவி ஓயாது.

கண்ணாடி இல்லாத வீடும் நிறைய இருக்கு, பழைய லயத்து காம்பரால சின்ன பலகை ஜன்னல்தான். அதுக்கு வழி இருக்கு, பின்னால சொல்றேன், விட்றாதீங்க.

வாங்கி வைக்க வேண்டியது

டிஷ்யூ பேப்பர், அதாவது வெசாக் பண்டிகைக்கு வெளக்குக் கூடு செய்ய வாங்குவோமே அந்த மெல்லிசு தாள். டிசம்பர்ல எங்க டவுன் புத்தகக்கடையில செவப்பும் பச்சையும்தான் மிஞ்சும், அதனால நான் மே மாசம் வெசாக்குக்கு எல்லா கலரும் வந்திருக்கும்போதே மஞ்சள், ஒரேஞ்ச், ஊதா எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு தாள் வாங்கி, மடிக்காம சுருட்டி பைப் துண்டுக்குள்ள போட்டு வச்சிருவேன். அதோட கறுப்பு பிரிஸ்டல் போர்ட் (கெட்டி அட்டை) ரெண்டு, வெள்ள ஏ4 தாள் கொஞ்சம், பசைக்குச்சி, டேப், வெள்ள நூல், முனை மழுங்குன கத்தரிக்கோல் ஆளுக்கு ஒண்ணு. ஆளுக்கு ஒண்ணுங்கறது முக்கியம், ஒரு கத்தரிக்கோலுக்கு அஞ்சு பேர் சண்ட போட்டா அன்னைக்கு வேல அவ்வளவுதான்.

காசு குடுக்காம கெடைக்கிறதுல ஒண்ணு பால்மா பாக்கெட். உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். வெட்டி விரிச்சு சோப்பு போட்டு கழுவி காயவச்சா குட்டி நச்சத்திரம் வெட்டலாம், வெளிச்சம் ஊடுருவாதுதான், ஆனா உள்ள பல்ப் வெளிச்சம் பட்டு மினுங்கும். பசை அதுல பிடிக்காது, டேப்தான் போடணும்.

எட்டு முனை நச்சத்திரம்

எல்லாத்துலயும் இதுதான் எனக்கு பிடிச்சது, ஆறு வயசு புள்ளையும் செய்யலாம். டிஷ்யூவ 10 சென்டிமீட்டர் சதுரமா எட்டு துண்டு வெட்டுங்க, இந்த வெட்டுறத பெரியவங்க அடிமட்டம் வச்சு செய்ங்க, ஏன்னா சதுரம் கோணினா நச்சத்திரமும் கோணும். 10 சென்டிமீட்டர் சதுரத்துல செஞ்சா முடிஞ்சதும் 28 சென்டிமீட்டர் அகலம் வரும். ஜன்னல் சின்னதுன்னா 7 சென்டிமீட்டர் சதுரம் எடுங்க, 20 சென்டிமீட்டர்கிட்ட வரும்.

ஒரு சதுரத்த எடுத்து மூலைக்கு மூலை மடிச்சு, கோடு விழுந்ததும் விரிச்சிருங்க. இப்ப அந்த கோட்டோட ஒரு நுனியில சேர்ற ரெண்டு ஓரத்தையும் நடுக்கோடு வரைக்கும் கொண்டுவந்து மடிங்க, பாக்க பட்டம் மாதிரி இருக்கும், ஒரு பக்கம் கூர், மறுபக்கம் சதுரத்தோட மூலை அப்படியே இருக்கும். மடிச்ச ஓரம் எழும்பாம இருக்க துளி பசை. எட்டையும் இப்படியே மடிக்கணும். புள்ளைங்ககிட்ட "நடுக்கோட்ட தொடணும், தாண்டக்கூடாது"ன்னு மட்டும் சொல்லுங்க, அவங்களே பார்த்துக்குவாங்க.

அடுத்து ஒட்டுறது. கூர் முனை வெளியில, மூலை நடுவுல. மொத துண்ட வச்சிட்டு ரெண்டாவது துண்டோட மூலை ஓரத்த மொத துண்டோட நடுக்கோட்டுக்கு நேரா வச்சு ஒட்டுங்க, மூணாவதோட ஓரம் ரெண்டாவதோட நடுக்கோட்டுக்கு, இப்படியே சுத்தி வந்தா எட்டாவது துண்டு மொத துண்டுக்கு அடியில போய் சரியா சேரும். மேசையில பார்க்கும்போது சாதாரணமா ஒரே கலர்லதான் இருக்கும், புள்ளைங்க முகத்துலகூட ஒரு "இவ்வளவுதானா" தெரியும். தூக்கி ஜன்னலுக்கு நேரா பிடிங்க. ஒரு தாள் இருக்குற எடம் எளமஞ்சள், ரெண்டு மூணு தாள் சேர்ற எடம் தேன் கலர், நடுவுல இன்னும் கெட்டியா பழுப்பு, உள்ளுக்குள்ள இன்னொரு நச்சத்திரம் தெரியும். எங்க சின்னவன் மொத தடவ பார்த்து கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் மேசைக்கு வச்சு பார்த்தான், திரும்ப ஜன்னலுக்கு தூக்குனான், திரும்ப மேசைக்கு. மஞ்சளும் ஒரேஞ்சும்தான் ராத்திரிக்கு நல்லா எடுக்கும், கரும்பச்சையும் நீலமும் இருட்டுல கறுப்பா போயிரும்.

ஆறு பக்க பனிப்பூ

இதுல மொதல்ல புள்ளைங்களுக்கு ஒரு குழப்பத்த தெளிவாக்கணும், நம்ம ஊர்ல பனின்னா மூட்டம், காலையில புல்லுல இருக்குற துளியும் பனி, படத்துல வெள்ளையா கொட்டுறதும் பனி, எல்லாத்துக்கும் ஒரே பேரு. நுவரெலியா பக்கம் ஜனவரி மாதிரி சில விடியக்காலையில புல்லு மேல வெள்ளையா உறைஞ்சு கெடக்கும் பாருங்க, தேயிலைக் கொழுந்தக்கூட கருக்கிரும், அதத்தான் "உறைஞ்ச பனி"ன்னு காட்டலாம். வானத்துலயே ஆவி உறைஞ்சு பூ மாதிரி விழுறது வேற. அந்த பூவுக்கு எப்பவும் ஆறு பக்கம், தண்ணி மூலக்கூறு உறையும்போது ஆறு மூலையா அடுக்குறதாலதான் அப்படி. அமெரிக்காவுல வெர்மான்ட்ல வில்சன் பென்ட்லின்னு ஒரு விவசாயி, 1885ல மைக்ரோஸ்கோப்போட கேமராவ சேர்த்து மொத மொதல்ல அத ஒவ்வொண்ணா படம் எடுத்தாரு, வாழ்நாள்ல 5000க்கு மேல எடுத்திருக்காரு. இந்த கதைய மடிக்கும்போது சொல்லுங்க, நாலு பக்கமோ எட்டு பக்கமோ வெட்டுனா புள்ளைங்களே "இது சரியில்ல"ன்னு திரும்ப மடிப்பாங்க.

மடிக்கிற விதம்: ஏ4 தாள சதுரமா வெட்டி மூலைக்கு மூலை மடிச்சு முக்கோணமாக்குங்க. நீட்டு ஓரத்தோட நடுவுல பென்சில்ல புள்ளி. அந்த புள்ளியில இருந்து வலது பக்கத்த மேல சாய்ச்சு மடிங்க, அதுக்கு மேல இடது பக்கத்த சாய்ச்சு மடிங்க, மூணு பங்கும் ஒரே அகலமா இருக்கணும், அதாவது இடது மடிப்பு வலது ஓரத்த சரியா மூடணும். மூடலைன்னா விரிச்சு திரும்ப சரிபண்ணுங்க, இங்க அவசரப்பட்டா பின்னால சரிவராது. மேல நீட்டிட்டு நிக்கிற ரெண்டு காதையும் வெட்டிட்டா ஐஸ் கோன் மாதிரி நிக்கும். அத நடுவுல இன்னொருக்கா மடிச்சா பன்னெண்டு தாள் கெட்டி. ஏழு எட்டு வயசு கைக்கு ஏ4 தாள் பன்னெண்டு மடிப்பு கஷ்டம், அதுக்கு டிஷ்யூவ எடுங்க, இல்லேன்னா கடைசி மடிப்ப விட்டுட்டு கோனோட ரெண்டு பக்கத்துலயும் ஒரே மாதிரி வெட்டச் சொல்லுங்க, அப்பத்தான் ஆறும் ஒண்ணுபோல வரும்.

வெட்டும்போது ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் வெட்டிறக்கூடாது, துண்டா போயிரும். முக்கோணம், அரை வட்டம், வேப்பிலை மாதிரி வளைவு. எவ்வளவு அதிகமா வெட்டி எடுக்குறோமோ அவ்வளவு அழகு, பயப்படாம வெட்ட விடுங்க. கிழிஞ்சா கிழிஞ்சதுதான், தாள் கெடக்கு. விரிச்சதும் பழைய புத்தகத்துக்கு நடுவுல ஒரு ராத்திரி வச்சா சுருக்கம் போயிரும்.

சேர்ச் கண்ணாடி மாதிரி கலர் ஜன்னல்

டிக்கோயா வோர்லி சேர்ச் 1878ல கட்டுனது. வோர்லிக்கு போனவங்களுக்கு பீடத்துக்கு பின்னால இருக்குற கலர் கண்ணாடி ஞாபகம் இருக்கும். கலர் துண்டுங்கள கறுப்பு ஈயக்கோடு பிடிச்சிருக்கும், அந்த கறுப்பு இல்லாம கலர் அவ்வளவு எடுக்காது. அதே வேலைய பிரிஸ்டல் போர்டுல செய்றோம்.

கறுப்பு போர்ட ஏ4 அளவுக்கு வெட்டி, பின்பக்கத்துல பென்சிலால பெரிய உருவம் ஒண்ணு வரைங்க. மெழுகுதிரி, புறா, மாட்டுக்குடில், மணி. எல்லா கோட்டையும் ரெட்டைக்கோடா, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வரையணும், அதுதான் நமக்கு ஈயம். கோட்டுக்கு நடுவுல இருக்குற எடத்த வெட்டி எடுக்குறது பெரியவங்க வேல, பிளேடு புள்ளைங்க கைக்கு வேணாம், கீழ பழைய ஓடு இல்லேன்னா பலகை வச்சு வெட்டுங்க. ஓட்டைய விட டிஷ்யூ சுத்தி அரை சென்டிமீட்டர் பெருசா இருக்கணும், பின்பக்கத்துல பசை தடவி ஒட்டணும். எந்த எடத்துக்கு எந்த கலர்னு புள்ளைங்க முடிவு பண்ணட்டும். ஊதா மாடும் நல்லாத்தான் இருக்கும்.

எங்க வீட்டுக்கு வர்ற புள்ளைங்களுக்கு ரொம்ப பிடிச்ச உருவம் பாய்ன்செட்டியா. டிசம்பர்ல வேலி ஓரத்துல செவந்து நிக்குமே அதேதான். மெக்சிகோ நாட்டு செடி, ராத்திரி நீளமாகுறப்பத்தான் செவக்கும், அதான் சரியா நத்தாருக்கு வருது. செவப்பா இருக்குறது பூ இல்ல, இலைதான், நடுவுல குட்டியா மஞ்சளா இருக்குறதுதான் பூ. கொப்ப ஒடிச்சா பால் வடியும், சில பேருக்கு தோல் அரிக்கும், அதனால பெரியவங்க ஒடிச்சு கழுவி குடுங்க, இலைய போர்டுல வச்சு சுத்தி கோடு போட்டா வரையத்தெரியாத புள்ளைக்கும் உருவம் அச்சா வந்துரும்.

டிஷ்யூ கெடைக்கலையா, எண்ணெய்த்தாள் செய்ங்க. வெள்ளத்தாள்ல க்ரேயான்ல அழுத்தி படம் வரைஞ்சு, திருப்பி வச்சு பின்பக்கம் பஞ்சால தேங்காண்ணெய் தடவுனா தாள் கண்ணாடி மாதிரி ஆயிரும், தாள் நாருக்கு நடுவுல இருக்குற காத்து எடத்த எண்ணெய் நிரப்பிருது, வெளிச்சம் நேரா வந்துருது. ஆனா நம்ம குளிர்ல எண்ணெய் போத்தல்ல உறைஞ்சு கட்டியா இருக்கும் தானே, போத்தல சுடுதண்ணி பாத்திரத்துல கொஞ்ச நேரம் வச்சு உருக்கிட்டு தடவணும், கட்டியா தடவுனா திட்டு திட்டா நிக்கும். சுத்தி ஒரு விரல் அகலத்துக்கு எண்ணெய் படாம விடுங்க, பட்டா டேப் ஒட்டாது. தடவுனதும் நியூஸ்பேப்பருக்கு நடுவுல வச்சு மிச்ச எண்ணெய ஒத்தி எடுத்துட்டு ஒரு நாள் விட்டு மாட்டுங்க.

மூணு நாலு வயசு வாண்டுங்களுக்கு

இவங்களுக்கு கத்தரிக்கோல் வேணாம். கொப்பிக்கு உறை போடுற தெளிவான பொலித்தீன் துண்ட மேசையில விரிச்சு டேப் போட்டு நிறுத்துங்க, மேல பசைய தண்ணியாக்கி பிரஷ்ஷால தடவி விடுங்க, டிஷ்யூவ பிச்சு பிச்சு ஒட்டட்டும், மேல இன்னொருக்கா பசை. காஞ்சதும் நச்சத்திரமா மணியா நம்ம வெட்டிக்கலாம். சாயம் கையில ஏறும், பழைய சட்ட போட்டு விடுங்க.

கண்ணாடி இல்லாத வீட்டுக்கும் இதே பொலித்தீன்தான் வழி. பிரிஸ்டல் போர்டுல ஜன்னல் சட்டம் மாதிரி வெட்டி பின்னால பொலித்தீன் ஒட்டி, அதுல நச்சத்திரத்த ஒட்டுனா கையால செஞ்ச ஜன்னல் ரெடி. மேல ரெண்டு ஓட்டை போட்டு நூல் கட்டி இஸ்தோப்புல (முன் திண்ணை) கூரை மரத்துல தொங்கவிடுங்க, பின்னால பல்ப் எரிஞ்சா லயத்துக்கே தெரியும். சாரல் அடிக்காத பக்கமா பாருங்க.

கண்ணாடியிலயே உறைபனி

பார்மசில எப்சம் சோல்ட் கேளுங்க. அரை கோப்பை நல்ல சுடுதண்ணில அந்த உப்பு அரை கோப்பை போட்டு கரையிற வரைக்கும் கலக்கி, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விட்டு, ஆறுனதும் பிரஷ்ஷால கண்ணாடி மூலையில இருந்து நடுவ பார்த்து பூசுங்க. காயக் காய ஊசி ஊசியா உப்பு படியும், புள்ளைங்க மூக்க கண்ணாடில ஒட்டி பார்த்துட்டே நிப்பாங்க. வயித்தால போக குடுக்குற உப்பு அது, வாயில வைக்க விடாதீங்க, முடிஞ்சதும் கை கழுவ வைங்க. ஆனா உள்ளதச் சொல்றேன், கண்ணாடி வேர்க்குற வீட்ல இது ஒரு ராத்திரிதான், காலையில கரைஞ்சிரும். பண்டிகைக்கு மொத நாள் பகல்ல செய்ங்க. நாள்கணக்கா நிக்கணும்னா வெள்ள பற்பசைய கொஞ்சம் தண்ணி விட்டு கொழச்சு, வெட்டுன பனிப்பூவ கண்ணாடில பிடிச்சுக்கிட்டு மேல ஸ்பொஞ்சால ஒத்துங்க, தாள எடுத்தா அச்சு நிக்கும்.

ஒட்டுறது, வெளிச்சம் வைக்கிறது

கனமில்லாத நச்சத்திரத்துக்கு முனையில மட்டும் குட்டி டேப் துண்டு. கனமானத கண்ணாடில ஒட்டவே ஒட்டாதீங்க, மரச்சட்டத்துல இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்கு நூல் கட்டி அதுல தொங்கவிடுங்க, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவுல ஒரு விரல் எடம் இருந்தா ஈரம் படாது, நத்தார் வரைக்கும் புதுசு மாதிரி இருக்கும். எங்க வீட்ல இப்ப பாதிக்கு மேல நூல்லதான். பனிப்பூவுக்கு கோதுமை மா பசை போதும், ஒரு மேசைக்கரண்டி மாவ அரை கோப்பை தண்ணில கட்டியில்லாம கரைச்சு அடுப்புல கிண்டுனா கண்ணாடி மாதிரி வரும்போது எறக்கிரலாம். ரெண்டு நாளைக்கு மேல வைக்காதீங்க, புளிச்சுரும், கனமா பூசுனா கரப்பான் தேடி வரும். சூப்பர் க்ளூ வேண்டவே வேணாம், அத சுரண்டப்போயி கண்ணாடி கீறுபட்ட வீடு பார்த்திருக்கேன்.

வெளிச்சத்துக்கு டிஷ்யூ பக்கத்துல மெழுகுதிரி கூடவே கூடாது, ஒரு காத்து போதும் பத்திக்க. எல்.ஈ.டி பல்ப் சூடு கம்மி, அதுதான் நல்லது, அதையும் தாளோட ஒட்டாம ஒரு முழம் தள்ளி வைங்க. ரூம் பல்ப் ஒண்ணே போதும்னுகூட சொல்வேன், திரைச்சீலைய மட்டும் விலக்கி விட்ருங்க.

இனி இத கட்டாயம் செய்ங்க: ஆறரைக்கு புள்ளைங்கள ஸ்வெட்டர், தொப்பி போட்டு வெளிய கூட்டிட்டு போங்க. ரோட்டுல நின்னு நம்ம ஜன்னல பார்க்கட்டும். எது தெரியுது, எது இருட்டா போகுது, எது ரொம்ப கீழ இருக்குன்னு அவங்களே சொல்வாங்க. நாங்க ஒவ்வொரு வருசமும் அப்படி பார்த்துட்டு வந்து ரெண்டு மூண எடம் மாத்துவோம், போன வருசம் பெரிய மஞ்சள் நச்சத்திரத்த மேல தூக்குனது மூத்தவ சொல்லித்தான், "படில இருந்து பார்த்தா மதில் மறைக்குதும்மா"ன்னா.

கழட்டுறது ஜனவரி 6 மூவிராசாக்கள் திருநாளுக்கு அப்புறம், எப்படியும் பொங்கலுக்கு முன்ன. பக்கத்து வீட்ல பொங்கலுக்கு வீடு கழுவுற அன்னைக்கே எங்க புள்ளைங்களும் ஜன்னல கழுவுவாங்க. வெதுவெதுப்பான தண்ணித் துணிய மா பசை மேல கொஞ்ச நேரம் ஒத்தி வச்சா தானா கழண்டுரும். நச்சத்திரத்த ஒவ்வொண்ணா பழைய கொப்பித்தாளுக்கு நடுவுல வச்சு பிஸ்கட் டின்ல போட்டு மூடுங்க, உள்ள அரிசிய சின்ன துணியில முடிஞ்சு போட்டா ஈரம் இழுத்துக்கும், டின் மேல வருசத்தையும் செஞ்ச புள்ளைங்க பேரையும் எழுதி வைங்க.